வேப்பிலை கட்டிய வண்டி

அடுத்தவருக்கு ஒரு சின்ன உதவி செய்தால் போதும், அதுதான் நல்ல வாழ்க்கை என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். செய்து பார்த்தவர்கள் பேசுகிற பேச்சா அது? நானும் ஒரு சின்ன உதவி செய்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அது உதவியா உபத்திரவமா என்று எனக்கே தெரியவில்லை.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனமெல்லாம் சாலை மறியலில் இறங்கிய வருஷம் அது. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. என் வீட்டுக்காரரும் கோடாலியோடு போனவர்தான். பிள்ளைகள் படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்ற கவலை எனக்கும் இருந்தது. மறியலில் இருந்தவர்களுக்கு ஒரு குண்டான் கூழ் காய்ச்சி அனுப்பிவிட்டு எங்கள் கரும்புக் கொல்லைக்குப் போனேன்.

கிணற்று மேட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்வராயன் மலையிலிருந்து இருட்டோடு கிளம்பி நடந்தே இறங்கியவள். மடியில் ஒரு துணிப்பை. முள் ஏறி உள்ளேயே முறிந்து, ஒரு பாதம் வீங்கிக் கிடந்தது. கள்ளக்குறிச்சியில் அன்றைக்கு நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்றாள். அவள் ஊரில் அந்த அளவுக்குப் படித்த பெண் அவள் ஒருத்திதானாம்.

"நடந்தே போயிடுவேங்க. தண்ணி மட்டும் குடுங்க" என்றாள். நடக்கிற காலா அது?

மனசு கேட்கவில்லை. அதே சமயம், நம் ஆட்கள் மறித்து வைத்திருக்கிற ரோட்டில் நானே வண்டி கட்டிக்கொண்டு போவதா என்றும் இருந்தது. காலில் முள் என்றால் விட மாட்டார்கள். நோயாளி என்றாலும் எட்டிப் பார்த்து, நாலு பேரைக் கேட்டுத்தான் விடுவார்கள். எங்கள் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கத் துணியாத நோய் ஒன்றுதான். கிணற்றோரத்து வேப்பமரத்தில் கொத்துக் கொத்தாக ஒடித்தேன். நுகத்தடியில் கட்டினேன், வண்டிக்குள் பரப்பினேன். மஞ்சளை அரைத்து அவள் முகத்திலும் கையிலும் பூசி, சேலையால் மூடிப் படுக்க வைத்தேன். அம்மை போட்டிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவே தேவையில்லை. மாரியாத்தா உடம்பில் இறங்கியிருக்கிறாள் என்று பார்த்தவர்களே புரிந்துகொள்வார்கள்.

"பொய் சொல்லலாங்களா?" என்றாள் அவள்.

"நீ வாயத் தொறக்காத. பொய் என்னோடது" என்றேன். அப்போது என்னைப் பற்றி எனக்குப் பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

முதல் மரத்தருகே என் வீட்டுக்காரரே நின்றுகொண்டிருந்தார். வேப்பிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாருக்கு?"

"மலையிலேர்ந்து வந்த பொண்ணு. கெணத்தாண்ட ஒக்காந்துகினு இருந்துச்சு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். போலீஸ் வந்து மிரட்டியும் அசைக்காத மரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். ஒருவர் கும்பிடக்கூடச் செய்தார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம்.

அடுத்த ஊரில்தான் வசமாக மாட்டிக்கொண்டோம். அங்கேயும் ஆண்கள் மரத்தை நகர்த்தத்தான் வந்தார்கள். அதற்குள் பெண்கள் ஓடிவந்து மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற கிழவி கேட்டாள்: "எங்க இட்டுகினு போற?"

"கள்ளக்குறிச்சிக்கு."

"ஆஸ்பத்திரிக்கா? ஆத்தா எறங்கிகீற ஒடம்புல ஊசி குத்தவா இட்டுகினு போற? தலைக்குத் தண்ணி ஊத்தாம எல்லை தாண்டலாமா? இன்னா பொம்பள நீ?"

இது எனக்குத் தெரியாததா? என் பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோது தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நானே அவர்களை வாசலைத் தாண்ட விட்டதில்லை. வேப்பிலை கட்டினால் வழி விடுவார்கள் என்பது வரைக்கும்தான் என் மூளை ஓடியது. பொய் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சாமி பேரில் பொய் என்று தெரிந்தால் என்னை உயிரோடு விடுவார்களா?

மாரியம்மன் கோயில் நிழலில் அவளை இறக்கி உட்கார வைத்தார்கள். மஞ்சளுக்கு அடியில் முத்து இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க யாரும் துணியவில்லை. காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வீங்கிய பாதத்தையும் அம்மையின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். வாந்தியும் கழிச்சலுமாகக் கண் உள்ளே போய், அழக்கூடச் சத்தில்லாத குழந்தை. கழிச்சல் கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அங்கே சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். குழந்தையை மஞ்சள் பூசியிருந்தவள் மடியில் போட்டுவிட்டு, "நீதான் தாயே காப்பாத்தணும்" என்று அந்தத் தாய் தரையில் விழுந்தாள்.

என் மலைப் பெண் வாயைத் திறந்துவிட்டாள்.

"கஞ்சித் தண்ணியில உப்பும் சக்கரையும் கலந்து கொண்டாங்க. சங்குல கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. வாந்தி எடுத்தாலும் நிறுத்தாதீங்க."

அவள் ஊருக்கு வந்துபோகிற நர்ஸம்மா சொல்லிக் கொடுத்ததாம். வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்கு வந்திருப்பார்கள். ஆத்தா சொன்னால் மறுபேச்சு ஏது? கஞ்சி வந்தது. குழந்தை குடித்தது, கக்கியது, மறுபடி குடித்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது.

கிழவிக்கு என்ன தோன்றியதோ, கையெடுத்துக் கும்பிட்டு, "ஒனக்குப் போவணும்னு இருந்தா போ தாயே, நாங்க குறுக்க நிக்கல" என்றாள். நான் ஓடிப்போய் மாட்டைப் பூட்டினேன். அவள் பக்கத்தில் குனிந்து, "எழுந்திரு, இப்பப் போனாலும் புடிச்சிடலாம்" என்றேன். அவள் குழந்தையைப் பார்த்தாள். சங்கை வைத்துக்கொண்டு தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த தாயைப் பார்த்தாள். மாட்டேன் என்று தலையாட்டினாள். கையைக் கிள்ளினேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, அவள் அசையவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அறைந்திருப்பேன். யாருக்காக இத்தனை பாடு?

வெயில் தாழ்ந்த பிறகு குழந்தை மூத்திரம் போனது. அப்புறம் வீரிட்டு அழுதது. ஊரே குலவையிட்டது. அதன் பிறகுதான் அவள் எழுந்தாள்.

கள்ளக்குறிச்சியில் அந்த அறை பூட்டியிருந்தது. வர முடிந்தவர்களை வைத்து ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள் என்றார் வாட்ச்மேன். முகத்து மஞ்சளோடு துணிப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் அந்தக் கதவையே பார்த்தபடி நின்றாள். எனக்கு அழுகையாக வந்தது.

நடந்ததையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நல்ல மனநிலையில் இருந்தால், "நீ சொன்ன பொய்யாலதான் ஒரு உசுரு பொழச்சுது" என்பார். கோபத்தில் இருந்தால், "உன் பொய்யாலதான் ஒரு பொண்ணு பொழப்பு போச்சு" என்பார். இரண்டுமே சரியாகத்தான் பட்டது. அவளைப் பேசாமல் நடந்தே போக விட்டிருந்தால், நொண்டி நொண்டியாவது நேரத்துக்குப் போயிருப்பாளோ? அப்படியானால் அந்தக் குழந்தை? யோசித்தால் தலை சுற்றும்.

பிறகொரு வருஷம் கரும்பு வெட்ட மலையிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். எங்கள் கொல்லையிலேயே, கையில் வெட்டுக்கத்தியோடு அவள் நின்றாள். மறுபடி முயற்சி செய்யவில்லையா என்று கேட்டேன்.

"அப்பா கண்ணாலம் கட்டிக் குடுத்துட்டாருங்க" என்றாள்.

என்னால் அதோடு விட முடியவில்லை. "அன்னிக்கு அந்தக் கெழவிதான் போகச் சொல்லிச்சே. சங்குல ஊத்த அந்தம்மா இருந்துச்சு. நீ ஏன்டி எழுந்திரிக்கல?"

அவள் கரும்புச் சோகையை உரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் எழுந்து போனா, ஆத்தாவே கைவுட்டுட்டான்னு அந்தம்மா சங்கக் கீழ வெச்சிருக்கும்ங்க. நான் நானா வந்திருந்தா போயிருப்பேன். ஆத்தாவா இட்டுகினு வந்தது நீங்கதானேங்க."