மருந்து குடித்த கோழியை அறுக்க முடியாது

ஸைனம்பு கோழி வளர்க்க ஆசைப்பட்டவள் அல்ல. கிராண்ட்பாஸில் அவளுடைய சந்தில் அடுத்த வீட்டிலிருந்த ஜவாஹிறாவுக்கு மாடித் தொடரில் பதினோராம் மாடி கிடைத்தது. அங்கே கோழிக்கு இடமில்லை. நான்கு பேட்டுக் கோழிகளையும் துருப்பிடித்த ஒரு கூட்டையும் ஸைனம்புவின் பின்முற்றத்தில் இறக்கிவிட்டு, "ஒரு மாசம் பாருங்க, பொறகு யோசிப்பம்" என்று சொல்லி ஜவாஹிறா லொறியில் ஏறிவிட்டாள்.

வேண்டாம் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். அன்று ஸைனம்புவிடம் அது இருக்கவில்லை. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன கணவர் ஸஹாப்தீன் மூன்று வருடமாக முன்னறைக் கட்டிலில் கிடக்கிறார். அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, மூன்று நேர மருந்து, சோறு என்று நாள் போய்விடும். இப்போது அதோடு கூடு கழுவுவதும் சேர்ந்தது. பின்முற்றம் முழுவதும் சீமெந்து. எச்சம் மண்ணில் மறையாது, கையால்தான் தேய்க்க வேண்டும்.

அவை வந்த மூன்றாம் கிழமை சாம்பல் நிறக் கோழி மூலையில் குந்திக்கொண்டது. மூக்கில் நீர், கன்னத்தில் வீக்கம், ஒரு கண் ஒட்டிப்போய்க் கிடந்தது. மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம்.

அன்று பின்னேரம் அவளுடைய தம்பி இப்ஹாம் வந்தான். மருதானையில் இரும்புக் கடையில் வேலை. அந்த வீட்டில் எது அறுப்பதென்றாலும் அவன்தான்.

"ராத்தா, இது தாங்காது. தாங்க, இப்பவே அறுத்திடுறேன். தானாச் செத்தா ஹராம், ஒண்ணுக்கும் ஒதவாது."

அவன் சொன்னதில் குரூரம் எதுவும் இல்லை. அவர்கள் வீட்டில் நோய்ப்பட்ட கோழிக்கு எப்போதும் நடந்தது அதுதான். உயிர் போகுமுன் கத்தி. அதுவும் வீணாகாது, பார்ப்பவனுக்கும் வேலை குறையும்.

"நாளைக்கி டொக்டர்ட்ட காட்டிட்டுச் சொல்றேன்."

"கோழிய டொக்டர்ட்டயா? மச்சானக் கூட்டிட்டுப் போகவே ஒங்களுக்கு முதுகு முறியிது."

மறுநாள் கூடையில் கோழியோடு முச்சக்கர வண்டியில் போனாள். மிருக வைத்தியர் சிங்களத்தில் சொன்னதை வழியெல்லாம் மனதில் திருப்பிக்கொண்டு வந்தாள். வேறாக வைக்க வேண்டும். உப்புப் போட்ட இளஞ்சூட்டு நீரால் கண்ணைக் கழுவ வேண்டும். குடிநீரில் ஐந்து நாள் மருந்து, தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், வேறு தண்ணீர் வைக்கக்கூடாது. மருந்து தொடங்கினால் அது உடம்பை விட்டுப் போகும்வரை இறைச்சியும் ஆகாது, முட்டையும் ஆகாது.

கடைசியாகச் சொன்னதுதான் அவளை நிறுத்தியது. கத்தியா மருந்தா, இரண்டில் ஒன்றுதான் முடியும். மருந்து கொடுத்தும் செத்தால் புதைக்கக்கூட மண் இல்லை.

மருந்துப் போத்தலைத் திறந்தாள். இதைக் கருணை என்று சொல்ல அவசரப்பட வேண்டியதில்லை. ஒரு உயிரை முடித்துவிடு என்று வாயால் சொல்வது, அதைப் பராமரிப்பதைவிட அவளுக்குக் கடினமாக இருந்தது, அவ்வளவுதான்.

"அதுக்கும் மருந்தா?" என்றார் ஸஹாப்தீன் கட்டிலிலிருந்து. பேச்சு அவருக்குக் குழறும்.

"அதுக்கும்தான்."

"கண்ணக் கழுவக்குள்ள அதுக்கு ஏசுறியா?"

"இல்ல."

"அப்ப எனக்கு மட்டுந்தான்."

அவள் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு.

சாம்பல் கோழியைக் குளியலறைப் பக்கம் ஒரு பழப் பெட்டிக்குள் வைத்தாள். அது நாலு பருக்கை கொத்திவிட்டு விடும். மிச்சச் சோற்றை எறிய அவளுக்குக் கை வராது. சோறு எறிந்தால் வீட்டின் பரக்கத்தும் செழிப்பும் போய்விடும் என்று கேட்டே வளர்ந்தவள். ஆகவே மிச்சத்தை மற்ற மூன்றுக்கும் கொட்டினாள். நான்கு நாள் அப்படியே செய்தாள்.

ஐந்தாம் நாள் சாம்பல் கோழி கண்ணைத் திறந்து பெட்டியின் விளிம்பில் ஏறி நின்றது. அதே காலையில் கூட்டுக்குள் தும்மல் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவதும். ஸைனம்பு கையிலிருந்த சோற்றுப் பீங்கானைப் பார்த்தாள். எச்சில் சோற்றோடு நோயையும் கொட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கியது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

இப்ஹாமுக்கு அவளே கோல் எடுத்தாள்.

"மூணுக்கும் தும்மல்."

"இன்னம் நல்லாத்தானே நிக்கிது? மருந்து குடுத்துடாதீங்க. அஸருக்குப் பொறகு வாரேன். மச்சானுக்கும் சூப்பு வெச்சிக் குடுக்கலாம்."

"வா" என்றாள். உண்மையாகவே அதைத்தான் நினைத்துச் சொன்னாள். மூன்று குறைந்தால் கழுவ ஒரு கூடு குறையும். காலையில் அரை மணித்தியாலம் கூடப் படுக்கலாம். சந்தில் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவள் பின்முற்றத்துக்கு வந்தாள். கோழிகள் அவளைப் பார்த்ததும் கம்பியோரம் ஓடி வந்தன. அது சோற்றுக்காக, அவளுக்காக அல்ல என்பது அவளுக்குத் தெரியும். கூட்டைத் திறந்தாள். பிறகு தண்ணீர்ச் சட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, போத்தலில் எஞ்சியிருந்த மருந்தைக் கலக்கி வைத்தாள். வெயிலில் தாகத்தோடு நின்ற மூன்றும் உடனே குடித்தன.

இப்ஹாம் பத்திரிகைத் தாளில் சுற்றிய கத்தியோடு வந்தபோது சட்டியில் மஞ்சள் நீர் பாதிதான் இருந்தது.

"குடிச்சிட்டா?"

"குடிச்சிட்டு."

"மூணுமா?"

"மூணும்."

அவன் கத்தியை மதில்மேல் வைத்தான். "ஒங்களுக்குப் பைத்தியம் ராத்தா. இதுகள் நாலு, உள்ளுக்கு ஒராள். எப்பிடிப் பாக்கப் போறீங்க?"

அவள் மருந்துப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், காலி.

"நாளைக்கி வரக்குள்ள இதுல இன்னொண்டு வாங்கிட்டு வா" என்று அவன் கையில் கொடுத்துவிட்டு, ஸஹாப்தீனைத் திருப்பிப் படுக்க வைக்க உள்ளே போனாள்.