வலது கண்ணுக்காக ஒரு ஸ்தோத்திரம்

17-8-1947, ஞாயிற்றுக்கிழமை என்று தேதியிட்ட ஒரு துண்டுக் காகிதம் என்னிடம் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது: "என் கணவருக்கு மூன்று வருஷமாக வலது கண்ணில் பார்வை மங்கியிருந்தும், பந்தயக் கார் ஓட்டுகையில் யாதொரு ஆபத்தும் நேரிடாமல் காத்து, இம்மாதம் முழுப் பார்வையும் அருளிய ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

அதைக் காணிக்கையோடு கொடுத்தவள் என் அக்கா. எழுதியவன் நான். பிறகு போதகரிடம் கேட்டுத் திரும்ப வாங்கி வைத்தவனும் நான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நன்மை பெற்றவர்கள் காணிக்கையை உறையில் போட்டு, எதற்காக என்று ஒரு சீட்டும் வைப்பார்கள். பிரசங்கத்துக்கு முன்னால் போதகர் அந்தச் சீட்டுகளை உரக்க வாசிப்பார். பெரும்பாலோர் "பெற்ற நன்மைக்காக" என்று எழுதுவதோடு சரி. அக்காவுக்கு எழுத வராது. "கண்ணு சரியாச்சு, ஸ்தோத்திரம்னு எழுதுடா, போதும்" என்றுதான் சொன்னாள். நான் ரயில் நிலையத்தில் டிக்கெட் குமாஸ்தா. எதையும் காலமும் காரணமும் குறிப்பிட்டு எழுதிப் பழகியவன். அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அக்கா புருஷனை நான் பாவா என்று கூப்பிடுவேன். அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்த எங்கள் ஊரில் தமிழ்க் குடும்பங்களிலும் அந்தச் சொல்தான். யுத்தகாலத்தில் பாவா திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் இடையே பஸ் ஓட்டினார். பெட்ரோல் கிடைக்காத வருஷங்கள் அவை. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய் இருக்கும். அதில் அடுப்புக்கரியை எரித்து, வருகிற வாயுவில் இன்ஜினை ஓட்டினார்கள். காலையில் கிளப்பவே அரைமணி நேரம் ஆகும். பீப்பாயின் மூடியைத் திறந்து குனிந்து நெருப்பைப் பார்ப்பது பாவாவின் வேலை. அந்தப் புகையைத் தினமும் எட்டு பத்துத் தடவை நேராக மூச்சில் வாங்கினார். முதலில் தலைவலி வந்தது. 1944 வாக்கில் வலது கண்ணின் ஓரத்தில் ஒரு திரை விழுந்தது. லுங்கி மூட்டைகளோடு ஏறும் நெசவாளர்களில் யாருக்கும் அது தெரியாது. எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

கரி வண்டி ஒரு தடவை வேகம் இழந்தால் திரும்ப எடுக்கக் கால் மைல் தூரம் வேண்டும். ஆகவே பாவா வளைவுகளிலும் வேகத்தை விடாமல் ஓட்டக் கற்றிருந்தார். ஒருநாள் அந்த பஸ்ஸுக்குப் பின்னால் நெடுந்தூரம் காரில் வந்த ஒருவர் அதைக் கவனித்துக்கொண்டே வந்தார். பக்கத்து ஜமீன் குடும்பத்தின் இளைய மகன். சின்னவர் என்று எல்லாரும் சொல்வார்கள். பஸ் நின்றதும் இறங்கி வந்து, "என் வண்டிய ஓட்டறியாப்பா?" என்று கேட்டார்.

யுத்தம் முடிந்து வெறுமையாகக் கிடந்த விமான ஓடுதளங்களில் அப்போது சிலர் கார்ப் பந்தயம் விட்டார்கள். ஓட்டியவர்கள் எல்லாரும் சொந்தக் கார் வைத்திருந்த செல்வர்கள், இல்லாவிட்டால் வெள்ளைக்கார அதிகாரிகள். மாதச் சம்பளத்துக்குப் பந்தயம் ஓட்டியவர் எனக்குத் தெரிந்து பாவா ஒருவர்தான். 1946 தொடக்கத்தில் அந்த வேலையில் சேர்ந்தார். கண்ணைப் பற்றிச் சின்னவரிடம் சொல்லவில்லை.

எப்படி ஓட்டினார் என்று கேட்பீர்கள். பந்தயத்துக்கு முந்தின நாள் ஓடுதளத்தை முழுக்க நடந்து அளப்பார். திருப்பங்களுக்கு அடையாளமாகத் தார் பீப்பாய்களை நிறுத்தியிருப்பார்கள். ஒரு பீப்பாயிலிருந்து அடுத்ததற்கு எத்தனை அடி என்று எண்ணி எண்ணி மனப்பாடம் செய்துகொள்வார். வலப்பக்கத்துப் பீப்பாய்கள் அருகில் போகும்வரை அவருக்குத் தெரியாது. கணக்கை நம்பித் திரும்புவார். முதல் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். கோப்பையைச் சின்னவர் வாங்கிக்கொண்டார். பாவா தூரத்தில் நின்று சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

புகையை விட்டு வந்த பிறகு கண் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அதைச் சோதிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஸ்டேஷன் ரோட்டில் ஓரிடத்தில் நின்று, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, திருத்தணி மலைப்படிகளில் ஏறுகிறவர்களைப் பார்ப்பார். ஆள் தெரிகிறதா, வேட்டியா புடவையா என்று எனக்குச் சொல்வார். நான் இரண்டு கண்ணாலும் பார்த்துச் சரி, தப்பு என்று குறித்துக்கொள்வேன். 1947 ஆடிக் கிருத்திகையன்று மலை முழுக்கக் காவடி. பாவா கண்ணைப் பொத்திக்கொண்டு, "மஞ்சா... மஞ்சா... அதோ அது மயில்" என்றார். ஒன்றுகூடத் தப்பில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா அடுப்படியிலேயே முழங்கால் போட்டுவிட்டாள்.

அடுத்து வந்த ஞாயிறுதான் அந்த 17-ஆம் தேதி. நாடு சுதந்திரம் பெற்று இரண்டு நாள். எங்கள் சபைக் கோயிலில் நிற்க இடமில்லை. முதலில் தேசத்துக்காக ஜெபித்தார்கள். பிறகு போதகர் சீட்டுகளை எடுத்தார். சுகப்பிரசவம், பரீட்சையில் தேறியது, பெற்ற நன்மை, பெற்ற நன்மை. அடுத்தது எங்களுடையது. நான் எழுதிய வாக்கியத்தை ஒரு சொல்லும் விடாமல், நிறுத்தி நிறுத்தி, நல்ல குரலில் வாசித்தார். எனக்கு முன்னால் இருந்த பாவாவின் பிடரிதான் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. அவருக்கு இரண்டு வரிசை முன்னால் சின்னவருடைய மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவரும் எங்கள் சபைதான்.

ஆராதனை முடிந்து மேனேஜர் நேராகப் பாவாவிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கர்த்தர் பெரிய காரியம் செய்தார் என்று கண் கலங்கச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அன்று மாலையே சின்னவரிடம் ஒரு நற்செய்தியைப் போல அதைச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாவா ஒரு தடவைதான் பேசினார்.

"ஏன் மச்சான், 'பெற்ற நன்மைக்காக'ன்னு எழுதிட்டு உட்டிருந்தா, ஆண்டவருக்குப் புரிஞ்சிருக்காதா?"

அக்கா பின்னால் வந்துகொண்டிருந்தாள். என் கையெழுத்தில் என்ன இருந்தது என்று அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை சின்னவர் ஆள் அனுப்பினார். நானும் கூடப் போனேன். கையில் என் நோட்டு இருந்தது. பயிற்சி ஓட்டங்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை வினாடி என்று என் கடிகாரத்தில் பார்த்துக் குறித்திருந்தேன். கண் தெளியத் தெளிய நேரம் குறைந்து வந்ததை அதில் காட்டலாம் என்று நினைத்தேன். காட்டினேன். போன வருஷம் இவ்வளவு, இந்த வருஷம் இவ்வளவு என்று விரல் வைத்து விளக்கினேன். சின்னவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப போன வருஷம் நெஜமாவே தெரியலையா?" என்று பாவாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஆங். அப்ப தெரியலைங்க. இப்ப நல்லா தெரியுதுங்க."

"இப்பவும் தெரியலைன்னா மட்டும் சொல்லியிருப்பியா நீ?"

சின்னவர் கேட்டது நியாயம் இல்லை என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. மேனேஜர் சொன்னதை ஒரு பக்திமானின் மிகை என்று அவர் தள்ளிவிட்டிருக்கக்கூடும். என் நோட்டைப் பார்த்த பிறகு அதற்கு இடமில்லை.

வேலையை விட்டு நீக்கவில்லை. சம்பளத்தையும் குறைக்கவில்லை. தன் தாயாரை வெள்ளிக்கிழமைதோறும் மலைக்கு அழைத்துப் போகும் பெரிய காரைப் பாவாவிடம் கொடுத்தார். அந்த அம்மாளுக்கு வேகம் ஆகாது. மாட்டுவண்டி முந்திப் போனால்கூடச் சரி, மெல்லப் போப்பா என்பார்களாம். பந்தயக் காரைச் சின்னவரே ஓட்டினார்.

பாவா ஏழு மாதம் அந்தக் காரை ஓட்டினார். அந்த நாட்களில் ஸ்டேஷன் ரோட்டில் நின்று மலையைப் பார்க்க அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. நானாக ஒருநாள், "வா பாவா, பாத்துட்டு வரலாம்" என்றேன். "நீ எழுதி வெச்சிருக்கிறதே போதும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

1948 மார்ச்சில் கொழும்புக்குப் புறப்பட்டார். அங்கே மோட்டார் ஷெட்டுகளில் வேலை கிடைக்கிறது, பந்தயமும் நடக்கிறது, அங்கே யாருக்கும் தன்னைத் தெரியாது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். டிக்கெட் என் ஜன்னலில்தான் வாங்கினார். வெளியே வந்து வழியனுப்ப எழுந்தேன். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், வேலையைப் பார் மச்சான் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி அன்று பதினொரு நிமிஷம் தாமதம். அந்தப் பதினொரு நிமிஷமும் அவர் நடைமேடையில்தான் இருந்தார். நான் ஜன்னலை விட்டு எழுந்திருக்கவில்லை.

மூன்று கடிதம் வந்தது. கடைசிக் கடிதம் 1949 ஜனவரி. லாரி ஷெட் ஒன்றில் இருப்பதாகவும், மழை அதிகம் என்றும் எழுதியிருந்தார். பிறகு கடிதம் இல்லை. நான் எழுதியவை திரும்பியும் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் மணவூர்க்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து திரும்பினார். அங்கே ஒரு பந்தயத்தில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே நம் பக்கத்து ஆள் ஒருவர் ஓட்டியதைப் பார்த்ததாகச் சொன்னார். அக்காவை அவரிடம் அழைத்துப் போனேன். உயரம், நிறம், நடை எல்லாம் கேட்டாள். அவர் எதற்கும் உறுதியாகச் சொல்லவில்லை.

"வலப்பக்கம் திரும்பறப்போ எப்படிங்க ஓட்டினாரு?" என்று அக்கா கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாருக்கும் வேகம் கொறஞ்சுதுமா. அந்தாளுக்கு மட்டும் கொறையல."

அவர் பார்த்த ஆள் பாவாதானா என்பதை நான் இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை. கொழும்புப் பத்திரிகை அலுவலகம் ஒன்றுக்கு இரண்டு தடவை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. மணவூர்க்காரருக்குப் பந்தயம் நடந்த மாதமும் நினைவில்லை. ஆகவே இது உறுதியாகாத தகவல் என்றே இங்கே எழுதி வைக்கிறேன். அக்காவிடம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.