படையலுக்கு முன் ஒரு பிடி சோறு

அன்று கார்த்திகை விரதம். திருப்பரங்குன்றத்து அபிஷேகத்துக்கு எடுத்து வைத்த பாலை, என் கணவரின் மூத்த தாரத்து மகள் கை தவறிக் கொட்டிவிட்டாள். ஏழு வயது. "ராத்திரி சாமிக்குப் படைக்கிறவரைக்கும் உனக்கும் சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டேன்.

கோயிலுக்கு நடந்து போய் வந்த அலுப்போடு, முருகன் படம் என்று நம்பி மதியம் அவளையும் சினிமாக் கொட்டகைக்கு இழுத்துப் போனேன். அந்தப் படத்தின் சுருள் பெட்டி வரவில்லையாம். பேர்பெற்ற ஆங்கில நாவல் ஒன்றைப் படமாக எடுத்ததைப் போட்டார்கள். தகப்பனில்லாத பையன் வளர்ந்து ஆளாகிற கதை. பாஷை புரியாவிட்டாலும், அம்மாவுக்கு இரண்டாவதாக வாய்த்தவன் அவனைப் பட்டினி போட்டுப் பூட்டி வைத்தது புரிந்தது.

"கட்டையில போறவன்! பச்சப்புள்ளைய இம்புட்டுப் பாடு படுத்துறானே" என்றாள் பக்கத்தில் தரையில் இருந்த அம்மாள்.

"பெத்தவனா இருந்தா செய்வானாக்கா?" என்று நானும் அழுதேன்.

மகள் தன் பாவாடை நுனியால் என் கண்ணைத் துடைத்தாள். "அழாதீங்க சித்தி. சாமி கும்பிட்டதும் அவனுக்கும் சோறு போட்டுருவாங்க."

வீட்டுக்கு வந்ததும் விளக்கைக்கூட ஏற்றாமல் சோறு பிசைந்து நீட்டினேன். "சாமிக்கு இன்னும் வைக்கலயே" என்று பயந்து அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

இப்போதும் விரதம் இருக்கிறேன். படையல் போடும்போது அந்த மூடிய வாய் ஞாபகம் வந்து கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறேன்.