புல்லைப் படம் எடுத்த தனசேகர்

அன்று காலை தனசேகருக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டேன். எடுக்கவில்லை. சூரியன் உதிக்கும் நேரத்தில் அவன் போன் எடுக்க மாட்டான் என்பது அவனோடு பழகிய உங்களுக்கே தெரியும். அவனைத் திட்டியபடி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் மனைவி மலர் அழைத்தாள். "அண்ணா, அவரு தூக்கத்துலயே போயிட்டாருண்ணா" என்றாள். கையில் துணியோடு அவன் வீட்டுக்கு ஓடினேன்.

கல்யாண வீடுகளில் அவன் போட்டோ, நான் வீடியோ. பல வருடக் கூட்டு. இந்த அஞ்சலியில் அவனை 'அவர்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இன்னும் போகாததால் அது வரவில்லை. அஞ்சலி பேனருக்கு ஒரு படம் தேடி அவன் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே முழுக்கப் புல். ஊருக்கு வெளியே இருக்கும் மேய்ச்சல் காடு, பனி, ஈச்சம்புதர், அதன்மேல் முதல் வெயில். அவன் முகம் ஒன்றில்கூட இல்லை. கடைசியில் டிரைவிங் லைசென்ஸில் இருந்ததைத்தான் பெரிதாக்கினோம். பேனரில் அவன் உங்களை முறைத்ததற்குக் காரணம் அதுதான்.

எங்கள் ஊர் மலையை மட்டும் எடுக்க மாட்டான். அடி அண்ணாமலையில் டீ குடிக்கும்போதுகூட அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். "அத எடுக்க ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க. இந்தப் புல்ல எவன் எடுக்கறான்?" என்பான். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்றால், "வெளிச்சம் நமக்காக நிக்காதுபா. கல்யாணக்காரங்க நிப்பாங்க" என்பான்.

ஒரு தை மாதம் அவர்கள் நிற்கவில்லை. விடியற்கால முகூர்த்தம், பெண் வீட்டிலேயே கல்யாணம். வழியில் மேய்ச்சல் காட்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, சாவியையும் எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கிவிட்டான். "டேய், தாலி கட்டிடப் போறாங்கடா" என்று கத்தினேன். "கம்முனு இரு, இதோ வந்துட்டேன்" என்று குரல் மட்டும் வந்தது. பால்காரர் ஒருவரின் வண்டியில் தொற்றிக்கொண்டு போய், தாலி கட்டியதை நான் வீடியோவில் பிடித்தேன். போட்டோ ஒன்றுகூட இல்லை.

பந்தி நடக்கும்போது வந்தான். முழங்கால் வரை ஈரம், பேண்ட் முழுக்க ஒட்டுப்புல். பெண்ணின் அப்பா அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "எங்கய்யா போன?" என்றார். இவன் கேமராவைத் திருப்பிக் காட்டினான்.

"மாடு மேயற எடத்த எடுக்கவா உன்ன வரச் சொன்னேன்?"

இலையில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் ஆடு ஓட்டிய இடமாம் அது. "இத பெருசா போட்டுக் குடுங்கண்ணா. மாமியார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றாள். அவள் அப்பா கையை எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். வீடியோவை நிறுத்தி நிறுத்தித் தாலி கட்டும் படங்களைப் பிரித்தெடுத்து ஆல்பம் செய்தவன் நான். அந்தப் பெண் நன்றி சொன்னது அவனுக்கு. வாழ்நாள் முழுக்க இப்படியே தப்பித்தான்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கெட்ட பழக்கம். போன வாரம் வேங்கிக்காலில் ஒரு கல்யாணம். போகிற வழியில் கிழக்கு வெளுத்தது. அங்கே ஒரு வேலையும் இல்லாமல் வண்டியை ஓரம் கட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மண்டபத்தில் மாப்பிள்ளையின் மாமா வாசலிலேயே மறித்தார். "ஏங்க இவ்ளோ லேட்டு?"

டயர் பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம். "வெயில் வந்துச்சுங்க, பாத்துட்டு நின்னுட்டேன்" என்றேன்.