நடுவில் ஒன்றும் ஆகவில்லை

ஜவ்வாது மலைக்கு ஏறும் பஸ்ஸில், பாதி வழியில்தான் என் தவறு எனக்குப் புரிந்தது.

எங்கள் ஆய்வகக் கருவி ஒன்றில் காகிதத்தைவிட மெல்லிய உலோகத் தகட்டால் ஒரு ஜன்னல். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் வெற்றிடம். தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு லீவில் கிளம்பியிருந்தேன். நடுப்பகுதிக்கு மட்டுமே போட்டிருக்கிறேன். சட்டத்தின் கூர்மையான விளிம்பில் தகடு மடங்கும் இடத்தை மறந்துவிட்டேன். எங்களிடம் இருப்பது அந்த ஒரே தகடு. இன்று ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் பானு, காற்றை உறிஞ்சும் பம்ப்பை ஓடவிடுவாள்.

போனில் சிக்னல் இல்லை.

"இன்னாம்மா, போனையே முறைக்கிற?" என்றார் பக்கத்தில் சந்தைப் பையோடு இருந்த அக்கா. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லன்ற. அப்புறம் எதும்மா ஒடைக்கும்?"

"இந்தப் பக்கம் இருக்கிற காத்துதான்கா."

அவர் எழுந்து குரல் கொடுத்தார். "கண்டக்டரே, டவர் கெடைக்கிற வளைவாண்ட நிறுத்துப்பா. பொண்ணு அவசரமா பேசணுமாம்!"

நிறுத்தினார்கள். பாதி பஸ் இறங்கி அவரவர் வீட்டுக்குப் போன் போட்டது. நான் அழைப்பதற்குள் பானு அனுப்பிய படம் வந்துவிட்டது. தகடு விளிம்பைச் சுற்றிக் கிழிந்து, நடுப்பகுதி முழு வட்டமாக உள்ளே கிடந்தது.

அக்கா எட்டிப் பார்த்தார். "நடுவுல ஒண்ணும் ஆவலியே. உன் கணக்கு சரிதான் போ!"

இதை என் மேலதிகாரியிடம் சொல்லும் தைரியம் உங்களில் யாருக்காவது இருக்கிறதா?