மாமா பெயரில் கொடுத்த ரத்தம்

என் வயிற்றில் வலப்பக்கம் இருக்கிற நீளமான தையலைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் கேட்கும்போதெல்லாம், "கட்டி இருந்துச்சு, எடுத்துட்டாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். அந்தக் கட்டி எப்படித் தெரியவந்தது என்பதை மட்டும் சொன்னதில்லை, வெட்கம். நான் பத்தாவது வரைதான் படித்தவன். எழுத்தில் கோணல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நானும் உங்கள் மாமாவும், அதாவது என் அக்காவான உங்கள் அத்தையின் வீட்டுக்காரரும், சுரங்கத்தில் ஒரே காண்ட்ராக்டில் வேலை பார்த்தோம். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற பழுப்பு நிலக்கரியை அள்ளிப் போடுகிற வேலை. எங்களுக்குள் 'மியூச்சுவல்' உண்டு. அவருக்கு முடியாத ஷிஃப்டை நான் பார்ப்பேன், என்னுடையதை அவர் பார்ப்பார். அவர் பெயரைக் கூப்பிட்டால் நான் "இருக்கேன்" என்பேன். உங்களில் பெரியவள் பிறந்தபோது மூன்று ஷிஃப்ட் எனக்காகப் பார்த்தவர் அவர். நல்ல மனிதர். குடிதான்.

அவருக்கு ஒருமுறை மஞ்சள் காமாலை வந்து போனது. அதிலிருந்து அத்தைக்குப் பயம். நகரியத்தில் ஒரு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை முகாம், காமாலை வந்தவர்களின் ரத்தத்தை எடுத்துக் கல்லீரலில் புற்று உண்டா என்று புது விதமாகப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மாமா பெயரைக் கொடுத்துவிட்டாள். என்னிடம், "நீயே இட்டுகினு போடா. ரத்தம் குடுக்காம திரும்பி வந்தாருன்னா, நான் புள்ளைய தூக்கிகினு எங்கியாவது போயிடுவேன்" என்றாள். வெறும் பேச்சாக எனக்குத் தோன்றவில்லை.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவரை மொபெட்டில் ஏற்றினேன். இடுப்பில் பாட்டில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. வழியில் ஒதுங்குவதாகச் சொல்லி இரண்டு தடவை இறங்கினார். ஹாலுக்குப் போய்ச் சேரும்போது கால் நிற்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக உட்காரவைத்தேன். "மாப்ள, ஊசி போட்டா என்னிய எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

உள்ளே ஒரு பெண் மாமா பெயரைக் கூப்பிட்டது. என் வாய் தானாக "இருக்கேன்" என்றது.

ஏன் சொன்னேன்? அக்காவின் முகம் கண்ணில் இருந்தது. நான் குடிக்காதவன். என் ரத்தம் சுத்தமாக இருக்கும், அவள் நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன். மாமாவின் நிஜமான கல்லீரலை யார் பார்ப்பார்கள் என்று அந்த நிமிடம் நினைக்கவே இல்லை.

அந்தப் பெண் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறது. மாமா வயதைச் சொன்னேன். "பார்த்தா அவ்வளவு தெரியலையே அண்ணா" என்று சிரித்தது. ரத்தம் எடுத்தபடியே சொல்லிக்கொடுத்தது. பென்சில் முனை கரிதானே, அதை உரித்து உரித்து அணுவளவு ஒரே ஒரு அடுக்காக ஆக்கினால் அதற்குக் கிராஃபீன் என்று பெயர். அந்த ஏட்டின் மேல் ஒரு பொருளை ஒட்டிவைத்திருக்கிறார்கள். கல்லீரலில் புற்று வளர்ந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் கூடும். அந்தப் பொருள் அதை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் ஏட்டில் ஓடுகிற மின்சாரம் மாறும், பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியில் எண்ணாகத் தெரியும். "இது இன்னும் சோதனையிலதான் இருக்கு. அதனால பாதி ரத்தத்தை லேபுக்கும் அனுப்பி ஒத்துப் பார்ப்போம். வேற காரணத்துக்கும் இது கூடலாம். எதுன்னாலும் கூப்பிட்டுச் சொல்றோம்" என்றது. மாமாவின் போன் நம்பரைக் கொடுத்தேன்.

வெளியே வந்து என் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சையும் பிளாஸ்திரியையும் உரித்து, தூங்குகிறவர் கையில் ஒட்டினேன். எழுந்து பார்த்தவர், "எடுத்துட்டாங்களா? தெரியவே இல்லியே, கை சுகமான பொண்ணு" என்றார்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. எடுத்தது அத்தை. பெட்டியிலும் லேபிலும் எண் மிகவும் கூடியிருக்கிறது, இது மட்டும் வைத்துப் புற்று என்று சொல்ல முடியாது, பன்னிரண்டாம் நாள் கடலூருக்கு ஸ்கேனுக்கு வரவேண்டும்.

அத்தை போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாசற்படியில் நின்றேன். அந்த ரத்தம் என்னுடையது என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொல்லலாம் என்று போனேன். மாமா திண்டாடிக்கொண்டிருந்தார், கை நடுங்கியது, ஆனால் குடிக்கவில்லை. நாலாம் நாள் தன் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். "என் தலையில மாடு கட்டுற முடிச்சு போடுறாரு அப்பா, பாருங்க மாமா" என்று அவள் என்னிடம் முறையிட்டாள். அத்தை அடுப்பங்கரையிலிருந்து சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ வருடம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாவு பயம் வந்துதான் இந்த மனுசன் மனுசனாயிகினு இருக்காரு. ரத்தம் எடுத்த அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்டா" என்றாள். அதற்குப் பிறகு எப்படி வாய் திறப்பது?

அக்காவுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் நிஜம். சொன்னால் அது என்னுடையதாகிவிடும். சொல்லாதவரைக்கும் அது மாமாவுடையது. பெல்ட்டுக்கு அடியில் குனியும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்ப்பேன். வலிக்கவில்லை. ஒருநாள் உங்களில் சின்னவன் ஓடிவந்து வயிற்றில் முட்டினான். அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். அவன் அழுதது உங்கள் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், காரணம் அவளுக்கும் தெரியாது.

பன்னிரண்டாம் நாள் மூவரும் கடலூர் போனோம். ஸ்கேனில் மாமாவின் கல்லீரலில் கொழுப்பு இருந்தது, கட்டி இல்லை. மாமா வராந்தாவில் கையைத் தட்டினார். "மிஷினு பொய்யி! நம்ம கரியே ஒழுங்கா எரியாது, இவங்க கரி ரத்தம் பாக்குதாம்!"

அந்தப் பெண்ணும் வந்திருந்தது. அது சிரிக்கவில்லை. "ரெண்டு சோதனையும் ஒரே மாதிரி சொல்லுது. அப்போ டியூப் மாறியிருக்கணும். இனிமே அன்னைக்கு வந்த எல்லாரோட ரத்தத்தையும் நம்ப முடியாது. நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பினவங்களையும் திரும்பக் கூப்பிடணும்" என்று காகிதத்தைப் புரட்டியது.

"டியூபு மாறலம்மா. ஆளுதான் மாறிட்டேன்" என்றேன். பஞ்சு ஒட்டியது வரைக்கும் சொன்னேன்.

யாரும் திட்டவில்லை. மாமா என் தோளைப் பிடித்து உலுக்கி, "பன்னண்டு நாளா என்னிய சாவடிச்சிட்டியேடா பாவி" என்றவர், உடனே "இப்போ நீ இன்னாடா பண்ணுவ?" என்றார். அந்தப் பெண் மட்டும், "நாள் போயிடுச்சே அண்ணா. வாங்க" என்று என்னை உள்ளே கூட்டிப்போனது.

இலந்தைப்பழம் அளவு கட்டி. காமாலைக் கிருமி ஒன்று பிறந்ததிலிருந்தே என் ரத்தத்தில் இருந்திருக்கலாம், குடிக்காதவனுக்கும் வரும் என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் உங்களுக்கும் அம்மாவுக்கும் ரத்தம் பார்த்து, அடுத்தடுத்துத் தடுப்பூசி போட்டது. நீங்கள் என்னோடு பேசாமல் இருந்தீர்களே, அந்த ஊசிகள்தான்.

மாமா அன்று சாயங்காலமே குடித்தார்.

சென்னையில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது துணைக்கு இருந்தது அத்தை. கஞ்சி புகட்டினாள், துணி மாற்றினாள். மூன்றாம் நாள் மத்தியானம், ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணு சொல்லணும்டா. அன்னிக்கு நீ வாயத் தொறந்தப்ப, இவன் இன்னும் கொஞ்ச நாளு சும்மா இருந்திருக்கக் கூடாதான்னு நெனச்சிட்டேன். நீ போயிடுவியேன்னு தோணறதுக்கு முன்னாடி அது தோணிடுச்சி. கூடப் பொறந்தவ நெனைக்கிற நெனப்பாடா அது?"

"நானும் பன்னண்டு நாளா அதயேதான்கா நெனச்சிகினு இருந்தேன்" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள். மாமா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.