அழுத்திக் கட்டிய புத்தகம்

என் மேசை இழுப்பறையில் ஒரு தடித்த தாள் தனியாகக் கிடக்கிறது. அஞ்சலட்டையின் கனம், பழுப்பு நிறம், ஓர் எழுத்தும் இல்லை. வெற்றுத்தாள் என்று மகள் குப்பைக்குக் கொண்டுபோனதை நான் திரும்ப எடுத்துவந்தேன். ஒரு காலத்தில் அது பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தின் ஒரு பக்கம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சங்கரன்கோவில் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். விடுமுறை நாட்களில் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்குப் போவேன். சேவை மனப்பான்மை என்றெல்லாம் இல்லை. மனு எழுதித்தரப் போனவனை அங்கே பாடம் எடுக்கும் டீச்சர் பிடித்துக்கொண்டார். பிரெயில் பாடநூல் கேட்டு நான் எழுதிய அந்த மனு எல்லா விதிகளுக்கும் உட்பட்டிருந்தது. ஆகவே பதில் வரவில்லை. டீச்சர் தாமே புத்தகம் செய்யத் தொடங்கினார். நான் பாடத்தை வாசிப்பேன். அவர் பிரெயில் எழுதும் கட்டம்போட்ட சட்டத்தில் தாளைச் செருகி, வலமிருந்து இடமாக ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்துவார். தாளைத் திருப்பினால்தான் மேடு விரலில் படும். அவர் மணிக்கட்டில் எப்போதும் தைல வாசனை. அந்த ஒரே பிரதி, பத்தாம் வகுப்பில் இருந்த ஒரே பெண்ணுக்காக. பனவடலிசத்திரத்துக்காரி. தேறாவிட்டால் வீட்டோடு வைத்துக்கொள்வதாக அவள் அப்பா சொல்லியிருந்தார்.

பரீட்சை நெருங்கும்போது ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பள்ளியின் செயலாளர் ஜவுளிக்கடை அண்ணாச்சி. நல்ல மனிதர், அதுதான் சிக்கல். டீச்சர் இல்லாத நேரத்தில் வந்தவர், அலமாரியில் புள்ளி மேடுகளால் உப்பிக்கிடந்த தாள்களைக் கண்டு, அதிகாரி குறை சொல்வாரே என்று பதறிவிட்டார். கடை ஆட்களை வரவழைத்து, சேலைக்கட்டுப் போடுவதுபோல் மேலும் கீழும் பலகை வைத்து, முழங்காலால் அழுத்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டவைத்தார். அதிகாரிக்கு மகிழ்ச்சி. நூல்கள் நேர்த்தியாகப் பராமரிக்கப்படுகின்றன என்று எழுதிவிட்டுப் போனார்.

கட்டைப் பிரித்ததும் அந்தப் பெண் விரலை ஓட்டிப் பார்த்தாள். "டீச்சர், ஒண்ணுமே இல்லையே. வழவழன்னுல்லா இருக்கு."

அண்ணாச்சி ஓடிவந்தார். "நான் என்ன செய்யட்டும் டீச்சர்? சொல்லுங்க, செய்யுதேன்."

"ஒண்ணும் செய்யாதீங்க அண்ணாச்சி. அது போதும்."

நான் வாசிக்கிறேன், கேட்டே படிக்கலாமே என்றேன். அவள் ஒப்பவில்லை. "நீங்க வாசிச்சா ஒங்க வேகத்துக்குல்லா போவுது சார். எனக்கு ஒரு எடத்துல நின்னு, திரும்பப் போயிப் பாக்கணும்."

டீச்சர் புதுத் தாளைச் செருகினார். "வாசிங்க சார்."

பரீட்சைக்குள் பாதிப் புத்தகம்தான் முடிந்தது. கேள்விகள் பெரும்பாலும் மறுபாதியிலிருந்து வந்தன. வரலாற்றில் மட்டும் தவறினாள். அப்பா வந்து, டிரங்குப் பெட்டியோடு அழைத்துப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். டீச்சர் சட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். "செப்டம்பர் பரீட்சை இருக்குல்லா சார்? எங்கன விட்டோம்?"

மறுபாதி முடிந்ததும் பஸ்ஸில் பனவடலிசத்திரத்துக்குக் கொண்டுபோனவன் நான். கட்டவில்லை; தளர்வாக மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கத்தரிக்காய்க் கூடையை அதன்மேல் சாய்க்கப் பார்த்தாள். தடுத்தேன்.

"அப்படி என்னய்யா வச்சிருக்கீரு, கோழிமுட்டையா?"

ஆமாம் என்றேன். விளக்கும் தெம்பு இல்லை.

செப்டம்பரில் அவள் தேறினாள். ஆசிரியப் பயிற்சிக்கும் போனாள். அதற்குள் பாடத்திட்டம் மாறிவிட்டது. அந்தப் புத்தகம் வேறு எவருக்கும் உதவவில்லை. டீச்சர் மணிக்கட்டில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, புதிய நூலின் முதல் பாடத்தை வாசிக்கச் சொன்னார்.

இழுப்பறையில் கிடக்கும் தாள் பலகைக்கடியில் நசுங்கியவற்றில் ஒன்று. இனி அதில் கெட ஒன்றுமில்லை. ஆனாலும் நான் அதன்மேல் எதையும் வைப்பதில்லை, வைக்க விடுவதுமில்லை.